அறுபதுக்கு மேல் நடை மட்டும் போதுமா?

கேள்வி (வாசகர் ஒருவர்), 2024 ஜூன் 2, காலை

வயது 66. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பிரஷருக்கு ஒரு மாத்திரை. தினமும் விடியற்காலையில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். மகன் ஜிம்மில் சேரச் சொல்லி நச்சரிக்கிறான். இந்த வயதில் வெயிட் தூக்குவது வேண்டாத வேலை, நடை ஒன்றே போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 2, இரவு

இருக்கிறது. நடையை நிறுத்தச் சொல்லவில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ராத்திரி தூக்கத்துக்கும் அது நல்லது, அதில் சண்டையே கிடையாது. ஆனால் சமதரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் முழங்கால் கொஞ்சம்தான் மடங்குகிறது, தொடைக்கும் பிட்டத்துக்கும் பெரிய வேலை எதுவும் இல்லை. பாயிலிருந்து எழ, கமோடிலிருந்து எழ, பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்து உடம்பை மேலே தூக்க வேண்டிய பலம் வேறு.

நம்பாவிட்டால் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடியில் முழுசாக நிமிர்ந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் முதியோர் விழுவதைத் தடுக்க வைத்திருக்கும் அளவுகோல்படி 65 முதல் 69 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே, பெண்களுக்கு 11-க்குக் கீழே வந்தால் சராசரிக்கும் குறைவு. வந்த எண்ணை இங்கே எழுதுங்கள், ரவுண்டு பண்ண வேண்டாம்.

ஜூன் 4

9 வந்தது, நாற்காலி உயரம் சரியில்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கமோடு அந்த நாற்காலியை விடத் தாழ்வாகத்தான் இருக்கும்.

ஜூன் 5

நேற்றுக் கொஞ்சம் கடுகடுவென்று எழுதிவிட்டேன், மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். சரி, நான் எதற்கு இதில் இவ்வளவு முட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 64. தபால் துறையில் கவுண்டரில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவள், ஊர் திருச்சி. அம்மா எண்பது தாண்டியும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் நன்றாகவே குணமானது. ஆனால் இருந்த நாளெல்லாம் "படுத்தே இருங்க பாட்டி, எழுந்திருக்காதீங்க" என்று படுக்கையிலேயே எல்லாம் நடந்தது. நாங்களும் அதைப் பெரிய கவனிப்பு என்று நினைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்த அன்று கமோடில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. இரண்டு கைகளாலும் என் முன்கையைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி, பாதி எழுந்து, மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தில் வலி இல்லை, கூச்சம்தான். காய்ச்சலுக்கு முன்னால் அதே கமோடில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். 2007-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு, நல்ல ஆரோக்கியமான வயதானவர்கள் 12 பேரை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கொழுப்பு நீங்கலான திசு ஏறக்குறைய ஒரு கிலோ போயிருந்தது. அது நோயில்லாதவர்களுக்கு. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. படுக்கை எல்லாருக்கும் எப்போதாவது வரத்தான் போகிறது. வரும்போது கையிருப்பு எவ்வளவு என்பதுதான் விஷயம்.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

"அம்மா இப்போது எப்படி?" என்று கேட்டவருக்கு: கமோடின் மேல் உயரம் கூட்டும் இருக்கை வாங்கிப் போட்டோம், சுவரில் கைப்பிடி அடித்தோம். கட்டிலின் உயரத்தைச் செங்கல் வைத்து ஏற்றி, அதிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. பழகப் பழகச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தோம். தனியாகப் போய் வருகிறார். பாயில் உட்காருவது மட்டும் திரும்பவில்லை.

ஜூன் 9

மதுரைக்காரர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி: எழுபது எண்பதில் தசை வளருமா, இது காலம் கடந்த சமாச்சாரம் இல்லையா?

1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் முதியோர் இல்லத்தில் இருந்த 10 பேரைச் சேர்த்தார்கள். வயது 86 முதல் 96 வரை. நன்றாக வாசியுங்கள், 86 முதல் 96. லேசான பயிற்சியும் இல்லை, அவரவர் தூக்கக்கூடிய அதிகபட்சத்தில் பெரும்பங்கு எடை, தொடைக்கு, 8 வாரம். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் 1994-ல் அதே குழு 100 பேரை வைத்துச் செய்து, பலம் கூடுவதையும் நடை வேகமாவதையும் காட்டியது.

முதல் சில வாரங்களில் பலம் கூடுவது தசை பெருத்ததால் இல்லை. இருக்கிற தசையை நரம்பு இன்னும் நன்றாகக் கூப்பிடக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, மாடிப்படியில் தெரியும்.

ஜூன் 10

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையையும் சொல்லிவிடுகிறேன், "யாரோ ஜிம் பைத்தியம்" என்று என்னை ஒதுக்கிவிடாமல் இருக்க. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதாவது உங்கள் நடை. அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் பெரிய தசைகளுக்கெல்லாம் பலப் பயிற்சி. 65-க்கு மேல் என்றால் 3 நாளோ அதற்கு மேலோ சமநிலையும் பலமும் கலந்த பயிற்சி. நம் ஆட்கள் முதல் வரியோடு பக்கத்தை மூடிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்துத் தொடங்கினார்கள், நல்ல காரியம். ஆனால் பாதையின் ஓரத்தில் நாலு பெஞ்சைக் காட்டி "இதில் பத்து தடவை எழுந்து உட்காருங்கள்" என்று பலகை வைத்தால் இன்னும் நல்ல காரியம்.

ஜூன் 15

பார்க்கில் மாநகராட்சி வைத்திருக்கும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். காலை வைத்து முன்னும் பின்னும் வீசும் அந்தக் கருவி ஊஞ்சல் ஆடுவதைப் போலத்தான், சுகமாக இருக்கும், வேகமே வேலையைச் செய்துவிடும். எடையைக் கூட்டவும் வழியில்லை. உட்கார்ந்து கால்களால் தள்ளும் கருவி இருந்தால் அதில் போங்கள், இரண்டு காலுக்குப் பதில் ஒரு காலால் தள்ளினால் சுமை ஏறும். அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அது வேறு பிரச்சினை.

ஜூன் 16

யோகா போதும் என்று சொல்கிற தங்கைக்கு. கோவை நானம்மாள் பாட்டியை நானும் கும்பிடுகிறேன். 2018-ல் பத்மஸ்ரீ, 2019-ல் 99 வயதில் மறைந்தவர், தொண்ணூறு தாண்டியும் ஆசனம் போட்டவர். ஆனால் அவர் சின்ன வயதிலிருந்தே செய்தவர், நாம் அறுபதில் ஆரம்பிக்கிறோம். யோகாவில் வளைவு, சமநிலை, மூச்சு எல்லாம் கிடைக்கும். தள்ளுகிற பலமும் ஓரளவு கிடைக்கும், சூரிய நமஸ்காரத்தில் இறங்கி ஏறுகிறோமே. இழுக்கிற பலம்தான் அவ்வளவாகக் கிடைக்காது. சில ஆசனங்களில் நம் காலையே பிடித்து இழுப்பதைத் தவிர, கனமான எதையும் நம் பக்கம் இழுப்பதில்லை, பாயும் பூமியும்தானே இருக்கிறது. முதுகின் மேல்பக்கத் தசைக்கு இழுப்பது நல்ல வேலை, அது மெலிந்தால் கூன் விழும் வாய்ப்பு கூடும்.

என் பாட்டி கிணற்றில் தண்ணீர் இழுத்தார், அம்மியில் அரைத்தார், குந்தி உட்கார்ந்து கோலம் போட்டார். வீட்டுக்குள்ளேயே எல்லா அசைவும் இருந்தது. இன்றைக்கு மோட்டார், மிக்ஸி, ஸ்டிக்கர் கோலம்.

ஜூன் 17

நேற்று எழுதியதற்கு இருபது லைக். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. பாட்டி காலம் பொற்காலம் என்று நான் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதே பாட்டி அறுபதுக்குள் கூன் விழுந்தவர். ஏழெட்டுப் பிரசவம், வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதி சாப்பாடு. உழைப்பு இருந்தது, அதை உடம்பில் சேர்க்கத் தீனியும் ஓய்வும் இல்லை. அப்படியே கிணற்றடிக்குத் திரும்பு என்று யாரும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லவில்லை. வேண்டிய அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு, அளவாகச் செய்து, நன்றாகச் சாப்பிட்டு, ஒரு நாள் விட்டுச் செய்யலாம்.

இழுப்பதற்கு: ரப்பர் பட்டை ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கைகள் விலாவை ஒட்டிப் பின்னால் போகும்படி இழுங்கள். கம்பி பழசாக இருந்தால் முதலில் ஆட்டிப் பாருங்கள்.

ஜூன் 23

சாப்பாடு பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-ல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. 60 கிலோ ஆள் என்றால் 60 கிராமுக்கு மேல். இப்போது நம் தட்டைப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, அதற்குத் தண்ணீர்ச் சாம்பார். மத்தியானம் சாதம், ரசம், ஒரு கூட்டு. ராத்திரி "லைட்டா" இரண்டு இட்லி. பருப்பு சாம்பாரின் அடியில் இருக்கும், அதை எடுக்கிற உரிமை பேரனுக்கு.

முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8-க்கும் மேல். நவராத்திரி சுண்டலைத் தினசரிச் சுண்டல் ஆக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

ஜூன் 30

வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது, இங்கேயும் வந்துவிட்டது: "ஒரு காலில் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் மரணம்!" ஆய்வு உண்மைதான். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரை 1,702 பேரைச் சோதித்து 2022-ல் வெளியிட்டது. ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை. அவர்களுக்கு அடுத்த சில வருடங்களில் இறக்கும் அபாயம் மற்றவர்களை விட 84 சதவீதம் அதிகம், வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும். ஆனால் நிற்க முடியாததால் செத்தார்கள் என்று இல்லை. நரம்பு, சர்க்கரை, தசை, பார்வை எல்லாம் கெட்டிருப்பதை ஒரே வரியில் காட்டுகிற அடையாளம் அது. காய்ச்சலைத் தெர்மாமீட்டர் உண்டாக்குவதில்லை.

அந்த ஆய்வை நடத்திய கிளாடியோ அராவ்ஜோ என்ற மருத்துவரின் குழு 2012-ல் இன்னொன்று செய்தது, எனக்கு அதுதான் பிடிக்கும். தரையில் உட்கார்ந்து எழுவது. 10 மதிப்பெண்ணில் ஆரம்பித்து, கையோ முழங்காலோ ஊன்றிய ஒவ்வொரு தடவைக்கும் 1 கழியும், தள்ளாடினால் அரை. நான் 7. பக்கத்து வீட்டு மாமி, 70 வயது, தினமும் குந்தி உட்கார்ந்து வாசல் தெளிக்கிறவர், பேசிக்கொண்டே உட்கார்ந்து எழுந்து 9 வாங்கிவிட்டு "இதுக்கெல்லாமா மார்க்கு" என்று கேட்டார்.

ஜூலை 7

விழுந்தால் எழுவது எப்படி என்று தனியாக எழுதச் சொன்னார்கள். எலும்பு முறிந்த சந்தேகம் இருந்தால் அசையக் கூடாது, கூப்பிடத்தான் வேண்டும். இல்லையென்றால்: அவசரப்படாமல் ஒரு பக்கமாகப் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, அப்புறம் உள்ளங்கையை ஊன்றி, மண்டியிட்டுத் தவழும் நிலைக்கு வாருங்கள். தவழ்ந்தே கனமான நாற்காலியோ கட்டிலோ இருக்கும் இடத்துக்குப் போங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது உங்களோடு சேர்ந்து சாயும். இரண்டு கைகளையும் இருக்கையில் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து தரையில் பதியுங்கள். கைகளாலும் அந்தக் காலாலும் தள்ளி எழுந்து, அப்படியே திரும்பி உட்காருங்கள். நின்றுவிடாதீர்கள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு உடனே எழுந்தால் தலை சுற்றும்.

இதை விழாமலே வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்து பழகலாம். நாங்கள் செய்தோம். என் வீட்டுக்காரர் "இப்போ ஏன் தவழுறே" என்று கேட்டுவிட்டு, பதில் சொன்ன பிறகு அவரும் தவழ்ந்தார்.

ஜூலை 8

கொஞ்சம் சேர்க்க வேண்டும். விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது பலம் மட்டும் இல்லை, வேகமும். கால் தடுக்கியதும் இன்னொரு காலைச் சட்டென்று முன்னால் வைக்க வேண்டும். வயதாகும்போது அதிகம் மெலிவது அந்த வேகத்தைத் தரும் தசை இழைகள்தான். அதனால் நாற்காலிப் பயிற்சியில் எழும்போது விருட்டென்று, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காதீர்கள், பிரஷர் ஏறும். எழும்போது வெளியே விடுங்கள். சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு இருந்தால் கண் டாக்டரைக் கேட்காமல் கனமான எடை வேண்டவே வேண்டாம்.

ஜூலை 21

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் திட்டுகிறீர்கள். எக்ஸ்ரே பார்த்ததும் "மாடி ஏறாதே, கீழே உட்காராதே" என்று சொல்லி அனுப்புவது இங்கே வழக்கம். வலி ஏறியிருக்கும்போது அது சரி. ஆனால் அதையே ஆயுள் முழுக்கக் கடைப்பிடித்தால் தொடைத் தசை கரைந்து, முழங்காலுக்கு இன்னும் சுமை. தேய்மானத்துக்குத் தொடைத் தசைப் பயிற்சி முக்கியமான சிகிச்சைகளில் ஒன்று. உயரமான நாற்காலியில் ஆரம்பியுங்கள், தலையணை இரண்டு போட்டுக்கூட. மறுநாள் தொடை சதையில் லேசாக வலி இருந்தால் பரவாயில்லை. மூட்டு வீங்கினால், இல்லை மறுநாளும் மூட்டே வலித்தால், அளவு அதிகம்.

மலைக்கோட்டையில் 400-க்கும் மேல் படி. ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் வலிப்பது இறங்கும்போது. உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் தோப்புக்கரணம் போடுகிறவர்களைக் கவனியுங்கள், முழங்கால் ஒரு அங்குலம் மடங்கும், காது இரண்டு அங்குலம் இழுபடும்.

ஆகஸ்ட் 4

ஜிம் எப்படி இருக்கும் என்று கேட்ட அக்காவுக்கு. மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் ஒன்றில் வாரம் இரண்டு நாள் போகிறேன். பாட்டு காதைக் கிழிக்கும், பதினொரு மணிக்குப் போனால் பையன்கள் இருக்க மாட்டார்கள், சத்தமும் குறைவு. பயிற்சியாளர் தம்பி முதலில் என்னை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா வயசு, ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். "தம்பி, நடக்கிறதுக்கு எனக்கு ரோடு இருக்கு, தூக்குறதுக்குச் சொல்லிக் கொடு" என்றேன். 

எனக்கு வேண்டியிருந்தது 20 லிட்டர் தண்ணீர் கேன். கேன் போடுகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போவார், உள்ளே கொண்டுபோய்க் கவிழ்க்க எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். முதலில் 5 கிலோ டம்பெல், அப்புறம் 8, அப்புறம் வெறும் கம்பியே 20 கிலோ. இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு நேராக, பொருள் காலை ஒட்டியே மேலே வரவேண்டும். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்கிற எடை, 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று. சுலபமாகிவிட்டால் கொஞ்சம் கூட்டு. அவ்வளவுதான் வித்தை. இப்போது கேனை நானே தூக்கி ஸ்டூலில் வைக்கிறேன், அங்கிருந்து தொடைமேல் சாய்த்துக் கவிழ்க்கிறேன். கொஞ்சம் சிந்தும்.

அரிசிச் சிப்பம் மட்டும் இன்னும் முடியவில்லை. 2022-ல் 25 கிலோ வரை உள்ள பைக்கு ஜிஎஸ்டி போட்டதும் ஆலைக்காரர்கள் 26 கிலோ ஆக்கினார்கள். அந்த ஒரு கிலோதான் தடை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 18

வளைவு பற்றி யாருமே கேட்கவில்லை, எல்லாருக்கும் எடைதான் ருசியாக இருக்கிறது. ஜாக்கெட் கொக்கி, கொடியில் துணி போடுவது, வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பிப் பார்ப்பது, பேன்ட் போட ஒரு காலைத் தூக்குவது. இதில் எது போன மாதம் சுலபமாக இருந்து இந்த மாதம் கஷ்டமாகிறதோ அங்கே வேலை செய்யுங்கள். குந்த முடியாதவர்களில் பலருக்கு முழங்கால் காரணமே இல்லை, கணுக்கால் இறுகியிருக்கும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது சாதாரணம். கை மேலே போக மறுத்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

செப்டம்பர் 1

அப்பாவுக்கு 78, இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இந்தப் பயிற்சிகளைச் செய்யலாமா என்று கேட்டவருக்கு: இங்கே எழுதியதைப் பார்த்துச் செய்யாதீர்கள். எந்தக் கோணம் வரை மடக்கலாம் என்பது ஆபரேஷனைப் பொறுத்தது. பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரவழைக்கப் பணமில்லை என்கிறீர்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள்.

செப்டம்பர் 8

முதல் கேள்வி கேட்டவர் இன்னும் ஜிம்முக்குப் போகமாட்டாராம், ஆனால் காலில் கட்டும் எடைப்பட்டை வாங்கலாமா என்கிறார். தாராளமாக. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் முதியோருக்காக உருவாக்கிய பயிற்சி முறையே அந்தப் பட்டையை வைத்துத்தான், வீட்டிலேயே செய்வது, விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதில் நடையும் உண்டு, உங்கள் கட்சிக்குப் பாதி வெற்றி. ஆனால் பட்டையைக் கட்டிக்கொண்டு நடைக்குப் போகாதீர்கள், உட்கார்ந்து முழங்காலை நீட்ட, நின்று காலைப் பக்கவாட்டில் தூக்க, அதற்குத்தான். அரை கிலோவில் ஆரம்பியுங்கள். கடையில் விலை கேட்டுவிட்டுத் தலை சுற்றினால் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து மணல் போட்டுக்கொள்ளலாம். மணலைச் சலித்துப் போடுங்கள், கல் இருந்தால் எலும்பில் குத்தும்.